திரைச்சீலையில் நின்ற தண்ணீர்

என் அக்கா பள்ளிச் சீருடை தைப்பவள். ஆற்றோரத் தெருவில், தரைத்தளத்தில், இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்குவதால் தெருவுக்கே அவள் 'டேப் அக்கா'. அடுத்த மழைக்காலத்துக்குள் அவளை நான் இருக்கும் வெளிநாட்டுக்கே அழைத்துக்கொள்ள வேண்டும். ஒன்பது வருடமாக எனக்கு இருக்கும் ஒரே ஆசை அதுதான்.

வெள்ளத்தைச் சமாளிக்க ஒரு தொண்டு நிறுவனம் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது. "அங்க ஃபேன் நல்லா சுத்தும்னுதான்டா போனேன்" என்பாள் அக்கா. போனவள் பயிற்சி கொடுப்பவளாகத் திரும்பி வந்தாள். இப்போது ஞாயிறுதோறும் தெருவில் ஒத்திகை. எந்தப் பையில் மருந்து, எந்தப் பையில் பத்திரம், யார் யாரைத் தூக்குவது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு.

"என் வீட்டுக்காரரை நான் எதுக்குத் தூக்கணும்? எந்திரிச்சு நடக்கட்டுமே" என்றாளாம் எதிர்வீட்டுக்காரி.

"அவரு எந்திரிக்கறதுக்குள்ள தண்ணியே வடிஞ்சிரும். பேசாம தூக்கு."

நகராட்சி வரைபடத்தில் அந்தத் தெரு மேட்டு நிலம். அதனால் வெள்ளம் வந்தால் ஊதும் அபாயச் சங்கு அங்கே கிடையாது. தண்ணீர் ஏறுவதை நிரூபிக்க, முதல் வெள்ளத்தில் அக்கா சுவரில் கோடு போட்டாள், துணியில் குறி போடும் சாக்கட்டியால்! தண்ணீர் மேலும் ஏறி அத்தனையையும் கழுவிக்கொண்டு போனது. தெரு ஒரு மாதம் சிரித்தது.

அடுத்த வெள்ளம் வடிந்தபோது, தரையைத் தொட்டுத் தொங்கிய திரைச்சீலையில் சேற்றுக் கறை ஒரு கோடாக நின்றிருந்தது. அக்கா அதன் மேலேயே சிவப்பு நூலால் தையல் ஓட்டி, தேதியையும் தைத்தாள். பிறகு வீட்டுக்கு வீடு தைக்கவைத்தாள்.

இந்த வருடம்தான், சங்கு கேட்ட தெருக்காரர்களை நகராட்சி விசாரணைக்கு அழைத்தது. அக்கா என்னிடம் வருவதற்கான விசா நேர்காணலும் அதே நாள், அதே மணி. நான் கெஞ்சினேன். அக்கா பதினொரு திரைச்சீலைகளை மடித்து எடுத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனாள்.

"என்னம்மா, துணி விக்க வந்தீங்களா?" என்றாராம் அதிகாரி.

"அளவு குடுக்க வந்தேன் சார்."

"துவைச்சதுல துணி சுருங்கியிருக்காதா?"

"சுருங்கியிருந்தா தண்ணி இந்தக் கோட்டுக்கும் மேலதான நின்னிருக்கும்?"

போனில் இதைச் சொல்லும்போது அவள் குரல் துள்ளியது. எனக்கும் சிரிப்பு வந்தது.

"அப்புறம் என்ன சொன்னாரு?"

"அடுத்த வெள்ளத்துல அவங்க ஆளே வந்து அளப்பாங்களாம். சரியா இருந்தா சங்கு வைப்பாங்க. நான் கூட நின்னு வீடு வீடா காட்டணும். அது முடியட்டும்டா, சத்தியமா வந்துடறேன்."

அக்கா சொன்னால் சொன்னதுதான்.

வெளிநாட்டுக்கு வந்த நாளிலிருந்து, அந்த ஆற்றின் மேல் மேகம் என்றாலே எனக்குச் சோறு இறங்காது. இப்போதோ காலையில் கண் விழித்ததும் போனில் அந்த ஊர் வானத்தைப் பார்க்கிறேன். வெயில் என்று காட்டினால் மனம் சோர்ந்துபோகிறது. பெற்றவளுக்கு அடுத்தபடியாக என்னை வளர்த்தவளின் வீட்டுக்குள் தண்ணீர் வரவேண்டும் என்று காத்திருக்கிறேன். இதை யாரிடம் சொல்ல?

நேற்று அவளே கூப்பிட்டாள். "இங்க ஒரு சொட்டு மழை இல்லடா. நீ பயப்படாம சாப்பிடு."

"நல்லதுக்கா" என்றேன்.