பதினொரு நாள் காத்திருந்த வயல்

நெல் வெட்டிய நாலாம் நாளே வரவிருந்த விதைப்பு மெஷினை நான் ஏன் மறித்தேன்? போன வருட அறுவடையிலிருந்து இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நாளும் ஒரு பதில் சொல்லிப் பார்க்கிறேன். எதுவும் மறுநாள் வரை நிற்பதில்லை.

எங்கள் வயல் சாகாமத்துப் பக்கம். கல்யாணத்தின்போது வாப்பா எனக்கு எழுதித் தந்த இரண்டு ஏக்கர். வாய்க்காலின் கடைசியில் கிடப்பதால் மாரிமழையோடு வரும் பெரும்போகம் மட்டும்தான் விளையும். கோடைச் சிறுபோகத்துக்குத் தண்ணீர் எட்டாது. கணவர் கத்தாரிலிருந்து வந்து ஐந்து பசுக்கள் வாங்கி, வயல் வாடிக் கொட்டிலில் கட்டினார். மகள் பிறந்து எட்டாவது மாதத்தில்தான் அவளை அவர் முதன்முதலாகத் தூக்கினார். இனிப் போவதில்லை என்று அன்றைக்கே சொன்னார்.

மாடுகளுக்குக் கோடையில் தீன் இல்லாததுதான் இடைஞ்சல். நெல் வேளாண்மை வெட்டியதும் எல்லோருடைய மாடுகளும் எல்லா வயலிலும் இறங்கி, இரண்டு கிழமைக்குள் வட்டையை, வயல்வெளி முழுவதையும், மொட்டையாக்கிவிடும். அதன்பிறகு காய்ந்த வைக்கோல்தான். நெல் வெட்டிய தாளுக்குள்ளேயே, மண்ணில் ஈரம் இருக்கும்போதே, தீவனச் சோளமும் கௌபிப் பயறும் விதைத்தால் என்ன என்று யோசித்தது நான்தான். உயர்தர வகுப்பில் விவசாய விஞ்ஞானம் படித்தவள். உழாமல் விதைத்தால் ஈரம் மிஞ்சும் என்று அவருக்குப் படம் கீறிக் காட்டினேன். அவர் அன்றைக்கே வயலைச் சுற்றிக் கம்பிவேலி அடிக்கத் தொடங்கிவிட்டார்.

"அஞ்சு மாட்டுக்கும் கோடையில தீன் இருந்தா நான் இஞ்சயே கிடந்திருவன் புள்ள. இல்லாட்டி மறுகா பிளைட்தான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

விதைப்பு மெஷினைத் தெரிவு செய்யும் பொறுப்பை என்னிடம் விட்டார். இரண்டு மெஷின்கள் கிடைக்கக்கூடியதாக இருந்தன. ஒன்று இறக்காமத்து ஆள் ஒருவருடையது: லேண்ட் மாஸ்டர் என்கிற இரு சக்கர டிராக்டருக்குப் பின்னால் பூட்டும் சின்ன மெஷின். அதன் கூரான கொழுக்கள் மண்ணைக் கீறிக்கொண்டு போக, குழாய் வழியாக விதை விழும். நீளமான வைக்கோல் கொழுவில் சுற்றும் என்பது அதன் குறை. மற்றது சவளக்கடையிலிருந்து வரும் பெரிய மெஷின், நான்கு சக்கர டிராக்டர் இழுப்பது. அதன் இரும்புத் தட்டுகள் உருண்டு வைக்கோலை வெட்டிக்கொண்டு போகும். ஆனால் ஈர நிலத்தில் வைக்கோலை வெட்டாமல் பள்ளத்துக்குள் மடித்து அமுக்கிவிடுவதும் உண்டு. விதை வைக்கோலின் மேல் கிடந்து, மண்ணைத் தொடாமலேயே பழுதாகிவிடும்.

கொப்பியில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் கொழு, மறுபக்கம் தட்டு என்று எழுதினேன். இரண்டு பக்கமும் சரிசமமாக நிறைந்தன.

நெல்லை வெட்டி முடித்து வெட்டு மெஷின் போன அன்று, பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு இஸ்திகாரா தொழுதேன். எது நலமோ அதில் என் மனதைத் திருப்பித் தா என்று கேட்டேன். மனம் சின்ன மெஷின் பக்கம் சாய்ந்தது. உடனே சந்தேகமும் வந்தது: இது அல்லாஹ் காட்டியதா, பெரிய மெஷினுக்கு நான் பயப்படுவதா? மறுநாளும் தொழுதேன். அதே சாய்வு, அதே சந்தேகம். மூன்றாம் நாளும் தொழுகைப் பாயை விரித்தபோது உம்மா மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தார்.

"கேட்டுப்போட்டு நம்புறல்லண்டா, ஏன் புள்ள கேக்கிறாய்?" என்றார்.

அன்று அஸர் தொழுகைக்கு முன் இறக்காமத்துக்காரர் போனில் கோல் எடுத்தார். கணவர் பால் கொடுக்கப் போயிருந்தார்.

"தங்கச்சி, ஒங்கட வயலப் பாத்துட்டுத்தான் வாறன். காலடி விழுது, சேறு ஒட்டல்ல. இதான் பதம். நாளைக்கு விடிய சுபஹோட வரட்டா?"

"வைக்கோல் சுத்தாதா காக்கா?"

"சுத்தும். நிப்பாட்டி இழுத்துப் போடுற. சீப்புல முடி சுத்துதெண்டு சீப்பையா வீசுறீங்க?"

"இன்னும் ரெண்டு நாள் பொறுங்க காக்கா."

"நான் பொறுப்பன். வெயிலுக்கிட்ட நீங்கதான் கதைக்கணும்."

பின்னேரம் கணவர் வந்து மெஷின் என்ன ஆயிற்று என்று கேட்டார். இன்னும் யோசிக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. முதல் நாளே பகிடி பண்ணியிருந்தார்: "என்னப் பாத்து ஓமெண்டு செல்ல ஒனக்கு அஞ்சு நிமிசம் காணுமாயிருந்திச்சு. மெஷினுக்கு அஞ்சு நாள் வேணுமா?"

"அந்தக் காக்கா வாறண்டு சொன்ன, வரல்ல" என்றேன்.

இரண்டு நாள் கழித்து நான் கூப்பிட்டபோது இறக்காமத்துக்காரரின் மெஷின் வேறு வட்டையில் நின்றது. அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. தெரிவு செய்யும் பாரம் கையை விட்டுப் போயிற்று. பிறகு பெரிய மெஷினுக்குச் சொல்லி, அது வந்து சேரப் பதினோராம் நாள்.

நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரம்பில் நின்றேன். இரும்புத் தட்டுகள் சீமெந்துத் தரையில் ஓடுவதுபோல் ஓடின. மண் கீறுப்படவே இல்லை. பின்னால் நடந்துபோன கணவர் குனிந்து, விதை விழுந்த கோட்டில் விரலை ஊன்றிப் பார்த்தார். விரல் இறங்கவில்லை. சோளமும் கௌபியும் வெளியே தெரியத் தெரியக் கிடந்தன.

டிராக்டர்காரர் இறங்கி வந்தார். "களிமண், இறுகிட்டுது. ஒரு கிழமைக்கு முந்தியெண்டா நல்லா இறங்கியிரிக்கும். என்னத்துக்கு இவ்வளவு நாள் வெச்சிருந்தீங்க?"

கணவருக்குக் கோபம் வந்தது. "வெச்சிருக்கல்ல. ஒருத்தன் வாறனெண்டு செல்லி ஏமாத்திட்டான். எண்ட பொஞ்சாதி எத்தின தரம் கோல் எடுத்த தெரியுமா?"

நான் மகளின் தொப்பியைச் சரிசெய்தேன். ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

புறாக்கள் நான்கு நாளில் வயலைத் துப்புரவாக்கிவிட்டன. வரம்போரம் ஈரம் நின்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் கௌபி முளைத்தது. அதைப் பிடுங்கிப் பசுக்களுக்குப் போட்டோம், ஒரு நேரத்துக்குக்கூடப் போதவில்லை. கோடை முற்ற முற்றப் பால் குறைந்தது. முதுகெலும்பு தெரியத் தொடங்கியதும் இரண்டை விற்றார், பிறகு மூன்றையும். கடைசிப் பசு லொறியில் ஏற மறுத்தது. அவரே முன்னால் ஏறி நின்று கூப்பிட்டார். அவர் குரலுக்கு அது ஏறிவிட்டது. நோன்புப் பெருநாளை எங்களோடு கொண்டாடிவிட்டு, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் கத்தாருக்குப் போய்விட்டார்.

அவர் என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. அந்த இறக்காமத்துக்காரரைத்தான் சொல்கிறார். வாக்குத் தவறும் ஆள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். அவர் பேச்சைக் கேட்டு இரண்டு பேர் அந்த மனிதரின் மெஷினைக் கூப்பிடாமல் விட்டதாக அறிந்தேன். அல்லாஹ்விடம் நான் மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் அந்த மனிதரின் பேரைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது நான்தான்.

இப்போது பெரும்போகம் மஞ்சளித்து நிற்கிறது. வெட்டுக்கு இன்னும் மூன்று கிழமை. கணவர் நேற்றுக் கதைக்கும்போது, "திரும்ப ஒருக்கா விதைச்சுப் பாரு புள்ள. தீன் வந்தா நான் வந்திருவன். அந்த மனிசன மட்டும் கூப்பிட்டுராத" என்றார். பக்கத்தில் வேறு சின்ன மெஷின் கிடையாது.

இதை வாசிப்பவர்களில் நெல்லுத் தாளுக்குள் தீவனம் விதைத்தவர்கள் இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள். களிமண் வயலில், வெட்டு மெஷின் போன எத்தனையாம் நாள் இறங்கினீர்கள்? கொழுவா, தட்டா? மெஷின் இறங்குமுன் வைக்கோலை அள்ளிவிட வேண்டுமா? தூர தேசத்தில் தனியாக இருக்கும் கணவரிடம் இப்படி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, பிறகு திருத்திச் சொன்ன பெண்கள் இருந்தால், நீங்களும் எழுதுங்கள். அதைப் போனில் எப்படித் தொடங்கினீர்கள்? விதைக்க முன் சொல்வதா, முளைத்த பின் சொல்வதா? மூன்று கிழமைக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.