அவளுக்கு நான் அடிக்காத போஸ்டர்

எங்கள் ஊரில் யாராவது இறந்துபோனால், எடுப்பதற்கு முன்பே என் கடைக்கு ஆள் வந்துவிடும். கையில் ஒரு பழைய போட்டோ இருக்கும். இல்லையென்றால் ஏதோ கல்யாணக் கூட்டத்தில் செல்போனில் எடுத்த படம். பக்கத்தில் நிற்பவர்களை வெட்டிவிட்டு, முகத்தைப் பெரிதாக்கி, பின்னால் நீல வானத்தை வைத்து, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று போட்டு, போஸ்டரோ பேனரோ அடித்துக் கொடுப்பேன். கேட்டால் உதட்டோரம் லேசாகச் சிரிப்பும் வரவழைப்பேன். சின்ன காஞ்சிபுரத்தில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் நான் செய்த ஒரு முகமாவது தெரியும்.

கடை கீழே, வீடு மாடியில். மாடியில் என் மனைவி பட்டுப் புடவைகளுக்குக் குஞ்சம் கட்டுவாள். தறியிலிருந்து வெட்டிய புடவையின் முந்தானை ஓரத்தில் தொங்கும் நூல்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து முடிச்சுப் போடுகிற வேலை. கல்யாண வீட்டார் படியேறிப் போவார்கள், சாவு வீட்டார் கீழேயே நிற்பார்கள். “உங்களாண்ட வர்றவங்களுக்கும் ஒரு டீ வாங்கிக் குடுங்க, பாவம்” என்று மேலிருந்து குரல் கொடுப்பாள்.

அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது ரொம்பத் தாமதமாகிவிட்டிருந்தது. ஒருநாள் மத்தியானம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

“ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. என் மூஞ்சிய மட்டும் தெருவுல கட்டிடாதீங்க.”

“ஏன் இப்படிப் பேசற?”

“நான்தான் பாக்கறேனே. வெயில்ல வெளுத்துக்கினு, மழைல நனைஞ்சிகினு நிக்குதுங்க. அப்புறம் யாராவது அவுத்துக்கினு போயி மாட்டுக் கொட்டாய் மேல போட்டுடறாங்க. எனக்கு அதெல்லாம் வாணாம்.”

“ஜனங்க உன்ன மறந்துடுவாங்களேமா.”

“மறந்தா மறந்துட்டுப் போறாங்க. எனக்குத் தெரியவா போவுது?” என்று சிரித்தாள். சிரித்தால் அப்போது அவளுக்கு வலிக்கும். “நீங்க மறந்தாத்தான் வந்து கேப்பேன்.”

அவள் போனபோது நான் போஸ்டர் அடிக்கவில்லை. மச்சானுக்குக் கோபம். “ஊருக்கே அடிக்கறீங்க, எங்க அக்காவுக்கு ஒண்ணு இல்லையா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டான். பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள் மட்டும் மெதுவாக, “ஸ்டேட்டஸ்ல ஒரு போட்டோ வெச்சுக்கட்டுமாப்பா?” என்றாள். அது தெருவில்லையே என்று தலையாட்டினேன். மறுநாள் அது தானாகவே போய்விட்டது.

ஆனால் அவள் சொன்னபடி நடந்துகொள்வது சுலபமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். சாயந்தரங்களில் கம்ப்யூட்டரில் அவள் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எந்தப் படத்திலும் அவள் நேராகப் பார்க்கவில்லை. யாருடைய புடவையையோ பார்த்துக்கொண்டிருப்பாள். செத்தவர்கள் எத்தனையோ பேரின் முகத்தில் கை வைத்தவன், அவள் முகத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாமல் மூடி வைப்பேன்.

ஜனங்கள் என்னிடம் அவளைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள். எனக்கு வருத்தமாகும் என்று நினைத்திருப்பார்கள். யாராவது பேச்செடுக்க மாட்டார்களா என்று நான் ஏங்கியது அவர்களுக்கு எப்படித் தெரியும்? டீக்கடையில் பெண்டாட்டியைத் திட்டிக்கொண்டிருப்பவர்கள் என்னைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். திட்டுவதற்காகவாவது அவளைப் பற்றி இரண்டு வார்த்தை பேசலாமே என்று இருக்கும்.

போன தை மாதம் மாகறலிலிருந்து ஒரு அம்மா வந்தாள். விவசாயக் குடும்பம். சில வருஷங்களுக்கு முன் மூத்த மகளின் கல்யாணப் புடவையோடு வந்தவள். இப்போது இளையவளுக்கு. நேராக மாடிக்குப் போய்விட்டு, பையோடு கீழே இறங்கி வந்தாள்.

“அண்ணா, அக்கா இல்லீங்களா? மேல பூட்டியிருக்குது.”

கடைக்குப் போயிருக்கிறவளைப் பற்றிக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். என் மனைவி செத்துப்போன செய்தி அந்தப் பெண்ணிடம் போய்ச் சேரவே இல்லை. சொல்லப் போஸ்டர் இல்லையே. நான் உடனே சொல்லவில்லை. “உக்காருமா, வெயில்ல வந்திருக்க” என்று தண்ணீர் கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும்வரை என் மனைவி காய்கறி வாங்கத்தான் போயிருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தை விட எனக்கு மனசு வரவில்லை.

சொன்னதும் அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். பிறகு கோபமாக, “ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தா பாத்து வந்திருப்பேனேண்ணா. அந்தப் பக்கமெல்லாம் ஒட்டறாங்களே” என்றாள்.

“அவதான்மா வாணாம்னுட்டா.”

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளே பேச ஆரம்பித்தாள். “எம் பெரிய பொண்ணு அன்னிக்கு மேல உக்காந்துகினு அழுதுது. மாப்ள வூடு தூரம்னு. அக்கா முடிச்சு போட்டுக்கினே சொன்னாங்க. ‘நானும் இந்த ஊரு புடிக்காம மாசக்கணக்கா அழுதேன். எங்க வீட்டுக்காரரு தெனம் கடைய சாத்திட்டு என்ன பெருமாள் கோயில் கொளத்தாண்ட கூட்டிக்கினு போவாரு. ஒரு வார்த்த பேச மாட்டாரு. சும்மா பக்கத்துல உக்காந்திருப்பாரு. அதுலதான் எனக்கு ஊரு புடிச்சுப்போச்சு. உனக்கு வர்றவரும் அந்த மாதிரி பக்கத்துல இருப்பாரு, அழாத’ன்னாங்க. எம் பொண்ணு இன்னிக்கும் அதச் சொல்லும்.”

அந்த நாட்களில் புதுப்பெண்ணோடு என்ன பேசுவது என்று தெரியாமல்தான் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்குக் குளம் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என்னிடம் ஒருநாளும் அவள் இதைச் சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். அவளை யார் நினைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, அவள் என்னை இப்படி நினைத்து வைத்திருந்திருக்கிறாள். ‘அப்படியா நினைச்சே?’ என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது. கேட்க முடியாது.

அந்த அம்மா வற்புறுத்திக் கூப்பிட்டதால் மாகறலுக்குக் கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர், நான் யார், எந்த ஊர் என்று விசாரித்தார். மூத்த பெண்ணின் புடவைக்குக் குஞ்சம் கட்டிய அக்காவின் வீட்டுக்காரன் என்று சொன்னேன். இலை எடுக்கும்வரை அவளைப் பற்றியே பேசினேன். முடிச்சை இறுக்கும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள், ரேடியோவோடு சேர்ந்து தப்புத் தப்பாகப் பாடுவாள் என்றெல்லாம். அவர் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, “அப்படிங்களா, அப்படிங்களா” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு இது தெரியப் போவதில்லைதான். அதில் அவள் சொன்னது சரி. ஆனால் எனக்கு அது வேண்டியிருந்தது.

சாயந்தரம் பஸ்ஸில் திரும்பும்போது, வீட்டுக்குப் போனதும் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். பொண்ணுக்கு மாம்பழக் கலர் புடவை, மாப்பிள்ளைக்கு வழுக்கை விழ ஆரம்பித்திருக்கிறது, வடை நன்றாக இருந்தது, பாயசத்தில் இனிப்புப் போதவில்லை. பாலாறு தாண்டி, ஓரிக்கையில் பஸ் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பிறகு, மணமேடையில் புரோகிதர் தூங்கி வழிந்தது பாக்கியிருந்தது, அதையும் அவளிடம் சொல்லி முடித்தேன்.