காகத்தின் மேல் போட்ட பழி

வெள்ளவத்தை ஃபிளாட்டின் பால்கனியில், பூச்சாடியில் கறிவேப்பிலை வளர்த்தோம். அதில் ஊர்ந்த புழு வண்ணத்துப்பூச்சியாவதைப் பார்க்க மகள் காத்திருந்தாள். புழு கூடாகி, இலையைப் போலவே பச்சையாக ஓர் இலைநெட்டில் ஒட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை வேலையால் வந்த அவசரத்தில் அந்த நெட்டையே ஒடித்து, கொதித்த எண்ணெயில் போட்டுவிட்டேன். கூடு வெடித்த பிறகுதான் கண்டேன். என் அவசரத்தில் இடி விழ! அதுவும் விரதச் சமையலில். எண்ணெயைத் தாச்சியோடு கொட்டினேன்.

கூட்டைத் தேடி அழுத மகளிடம், "காகம் கொத்திக்கொண்டு போயிட்டுது" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. நாங்கள் சாப்பிடமுன் காகத்துக்குச் சோறு வைப்பது அவளுடைய வேலை.

"அந்தக் கள்ளனுக்கு நான் வைக்கமாட்டன்" என்றாள்.

நானே வைத்தேன். "கா, கா" என்று கூப்பிடத்தான் வாய் வரவில்லை.