ஞானம் அண்ணையின் காற்றாடி

ஞானம் அண்ணை போய்விட்டார்.

செய்தி வந்தபோது நான் கிரவீனில் என் வீட்டுக் கூரையில் இடுப்பில் கட்டிய சாரத்தோடு குந்தியிருந்தேன். சோலார் தகட்டில் கிடந்த பறவை எச்சத்தைக் கழுவ ஏறி, ஏணியை என் காலாலேயே தட்டி விழுத்திவிட்டு, யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரம்... பாதித் தெரு சிரித்துவிட்டுப் போனது.

போனில் மலர் அக்கா. அண்ணையின் மனைவி.

"தம்பி, அவர் ஆத்தில, அந்தப் போட்டிலயே... நித்திரையில. பக்கத்துப் போட்டுக்காரன்தான் காலமை கண்டவனாம்."

"ஓம் அக்கா... ஓம் அக்கா..." இறங்கி ஓடவும் வழியில்லை.

மகள் பள்ளியால் வந்து கீழே நின்று, "அப்பா, ஆர் யூ ஓகே?" என்றாள். ஏணியை நிமிர்த்தச் சொன்னேன்.

தெரியாதவர்களுக்கு... அண்ணை செவன் ஹில்ஸில், குளிர்க் களஞ்சியத்தில் என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓடியவர். வேலையை விட்ட கையோடு ஹோக்ஸ்பரி ஆற்றில் கிடந்த ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார்.

"போட்டில வந்து பட்டது காணாதெண்டு, மனுசன் காசு குடுத்துப் போட் வாங்குது!" என்று எங்கள் ஆட்கள் சிரித்தார்கள்.

அவரும் அக்காவும் அக்காவின் தம்பியும் இந்த நாட்டுக்கு வந்தது ஒரு மீன்பிடிப் படகில். நடுக்கடலில் பற்றறி செத்தது. தண்ணீர் இறைக்கிற பம்ப் நின்றது, லைற்றும் இல்லை. இருட்டில் ஒரு கப்பல் கிட்ட வந்து, இவர்களைக் காணாமலே போய்விட்டதாம்.

அக்காவின் தம்பி கரை சேரவில்லை.

அதற்குப் பிறகு அக்கா கடற்கரைப் பக்கமே போனதில்லை. அண்ணைக்கோ அக்கா ஒருநாள் தன் படகில் ஏறவேண்டும். அது ஒன்றுதான் ஆசை. "கரண்ட் நிக்காத போட்டும் இருக்கெண்டு அவளுக்குக் காட்டவேணும் அடாப்பா."

ஒருமுறை என்னைக் கூட்டிப்போனார். பாயை விரித்துக் கொஞ்சத் தூரம்கூடப் போகவில்லை, படகு ஆடிய ஆட்டத்தில் நான் என் சாரத்திலேயே சத்தி எடுத்துவிட்டேன். அதைக் கழுவி, நல்ல வெயில் விழுகிற இடமாகப் பார்த்துக் காயப்போட்டேன். உள்ளே மீற்றரைப் பார்த்த அண்ணை பதறிக்கொண்டு வெளியே வந்தார்.

"டேய் விசரா! அது என்ர பவர் ஸ்ரேசன்! சோலாரில ஒரு மூலையில நிழல் விழுந்தாலே முழுத் தகடும் படுத்திடும்!"

"நானும் படுத்திட்டன் அண்ணை."

ஈரச் சாரத்தை எடுத்து என் தலையிலேயே போட்டார்.

மத்தியானம் பசி. நாங்கள் இருந்த மர வாங்குக்கு அடியில் ஒரு சின்ன ரைஸ் குக்கர், பெட்டிகூடப் பிரிக்காமல் இருந்தது.

"அண்ணை, சோறு வைப்பமே?"

"கையை எடு. அது அவள் வாற அண்டைக்கு."

பாணும் சம்பலும் தந்தார்.

போன குளிர்காலம் படகின் பின்பக்கம் கரண்ட் எடுக்கிற ஒரு காற்றாடி முளைத்தது. லைற்றுக்கும் ரேடியோவுக்கும் சோலாரே போதும்... குக்கர்தான் பற்றறியை ஒரேயடியாக உறிஞ்சுமாம். "மப்பு நாளில அவள் வந்தாலும் சோறு வைக்கலாம். வெயில் இல்லாட்டி காத்து."

"அக்கா வாறாவோ?"

"கேட்டனான்."

"என்ன சொன்னவ?"

"எழும்பிக் குசினிக்க போட்டா."

நேற்று, அண்ணையின் உடுப்பையும் கண்ணாடியையும் எடுத்துவரச் சொல்லி அக்கா என்னைத்தான் அனுப்பினா. மழை. ஆளில்லாத படகில் காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மீற்றரில் பற்றறி நிறைந்து கிடந்தது. வாங்குக்கு அடியில் குக்கர்... பெட்டியை ஒட்டின ரேப் அப்படியே.

அதை மட்டும் தூக்க என்னால் முடியவில்லை.

இறங்கும்போது, "போட்டு வாறன் அண்ணை" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

அக்கா ஃபேஸ்புக் பக்கம் வருவதில்லை. அதனால்தான் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

வீட்டில் அக்கா குசினிக் கதிரையில் இருந்தபடி, நான் கொண்டுவந்த அண்ணையின் சேட்டுகளை ஒவ்வொன்றாக மடித்தா. தலை நிமிராமலே கேட்டா.

"அங்கை என்னத்தைத் தம்பி சாப்பிட்டவர்?"

"பாண்தான் அக்கா. சம்பலும்."

"கரண்ட் இருந்ததோ?"

"ஓம் அக்கா. நிறைய இருந்தது."

"பிறகேன் மனுசன் சோறு வைக்கேல்லை?"

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

நீங்கள் வருவீங்களெண்டு அந்தக் குக்கரை வைச்சிருந்தவர் அக்கா.