இடைவெளியையும் நம்பாத இராஜேஸ்வரி

செய்தி கைத்தொலைபேசியில்தான் வந்தது. அச்சகத்தாரின் வட்ஸ்அப் குழுவில், யாரோ எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருந்தார்கள். படம் இல்லை. முதலில் எழுதியவர் யார் என்றும் தெரியவில்லை. "ஜெயபுரத்தைச் சேர்ந்த திரு" என்று ஒரு வரி முடிந்து, "மதி இராஜேஸ்வரி காலமானார்" என்று அடுத்த வரி தொடங்கியிருந்தது. நான் நம்பவில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கும் அஞ்சலி எழுதிவிடுகிற காலம் இது. அவருடைய எண்ணுக்கே அழைத்தேன். மகள் எடுத்தாள்.

"ஓம் பெரியப்பா, அம்மாதான். காலமை நெஞ்சு நோகுதெண்டவா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலேயே முடிஞ்சுது."

அப்போதும் எனக்கு முழுதாக நம்பிக்கை வரவில்லை. அவரோடு பல ஆண்டுகள் ஒரே அறையில் வேலை செய்தால் அந்தப் பழக்கம் யாருக்கும் தொற்றிக்கொள்ளும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இராஜேஸ்வரி அவர்கள் கிளிநொச்சியில் எங்கள் அச்சகத்தில் பக்க வடிவமைப்பாளராக இருந்தவர். நான் அங்கே பிழை திருத்துபவன். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். இவரோ இங்கேயே பிறந்து வளர்ந்தவர். என்னை 'அண்ணை' என்பார். நான் நேரில் 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுவேன். ஆனாலும் எழுத்தில் அவரை 'அவர்' என்று எழுதுவதே முறை.

அவர் ஒரு சந்தேகப் பேர்வழி. இதை மறைத்து எழுதினால் அவரை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். தேநீர்க்கடையில் சீனி போடாத தேநீர் கேட்டுவிட்டு, முதல் மிடறைக் குடித்ததும் கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பார். பேருந்து புறப்படும் நேரத்தை மூன்று பேரிடமாவது கேட்பார். யாராவது அவரைப் புகழ்ந்தால், "இப்ப என்ன வேணுமாம்?" என்று என்னிடம் குசுகுசுப்பார். வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே, என் திருத்தங்களை யாரோ மாற்றுகிறார்கள் என்று எனக்கே சொல்லிப் பயமுறுத்தியவர். பார்த்தால், மாற்றியது நான்தான். முதல் நாள் திருத்தியதை மறுநாள் மறந்துபோய்த் திரும்பத் திருத்தியிருந்தேன்.

ஆனால் அவருடைய பெரிய சந்தேகம் சொற்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தின் மேல்தான். கணினியில் நாம் சொல்லுக்குச் சொல் விடும் இடைவெளி எல்லாம் ஒன்றல்ல. சாதாரண இடைவெளி என்றால், வரி நிரம்பியதும் கணினி அந்த இடத்தில் முறித்து அடுத்த வரிக்குப் போகும். பார்வைக்கு அதே போலவே இருக்கும் இன்னொன்று உண்டு. அது இருக்கும் இடத்தில் வரி முறியாது. முதலெழுத்து ஒரு வரியிலும் பெயர் மறு வரியிலுமாகப் பிரிந்துவிடாமல் இருக்க அதைப் போடுவார்கள். அவர் அதைக் 'கட்டு இடைவெளி' என்பார். மூன்றாவது ஒன்றும் உண்டு. அதற்கு அகலமே கிடையாது. ஒரு சொல்லின் நடுவில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வரி முடியும் இடத்தில் அந்தச் சொல் வந்தால், கணினி அங்கே முறித்துவிடும். அதற்கு அவர் வைத்த பெயர் 'பேய்'.

வவுனியாப் பக்கம் பூவரசங்குளத்திலிருந்து ஒருமுறை ஒரு நினைவு மலர் வேலை வந்தது. காலமான ஆசிரியர் ஒருவருக்காக உறவினர்களே கட்டுரைகளைத் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள். ஆசிரியர் மேல் முன்னொரு காலத்தில் ஏதோ பழி விழுந்து, பிறகு பொய்யென்று தெளிந்திருந்தது. 'அவர் குற்றமற்றவர்' என்று ஒரு கட்டுரை முடிந்தது. பக்கம் அமைந்தபோது 'அவர் குற்ற' என்று ஒரு வரியும், 'மற்றவர்' என்று அடுத்த வரியும் வந்து நின்றன. நான் தற்செயல் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"இது தன்பாட்டில வராது, அண்ணை. இந்தக் கட்டுரை முழுக்க வேறெங்கையும் பேய் இல்லை. இந்த ஒரு சொல்லுக்குள்ள மட்டும் இருக்கு. ஆரோ வைச்சிருக்கினம்."

அதை நீக்கினார். சொல் ஒன்றாகச் சேர்ந்தது. யார் வைத்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. மலரை வாங்க வந்த உறவினர்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் அவர் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இனி எழுதப்போவது அவர் சந்தேகம் பிழையாகிப்போன கதை. அதைச் சொல்லாவிட்டால் இந்த அஞ்சலிக்கு அர்த்தம் இல்லை.

பூநகரிப் பக்கத்துக் குடியேற்றக் கிராமம் ஒன்றில் கோயில் கட்டி முடித்தார்கள். ஊரின் பெயரை நான் எழுதவில்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்கிற குடும்பங்கள். அந்தப் பக்கத்துத் தெருவில், மலையகத்திலிருந்து வந்தவர்கள். கோயிலுக்கு இரண்டு பக்கத்தவரும் கல் சுமந்தார்கள். கும்பாபிஷேக மலரில் சிரமதானம் செய்த எல்லாருடைய பெயரும், தெருத் தெருவாக, ஒரு பக்கத்தில் வரவேண்டும் என்று தீர்மானம். அந்தப் பக்கத்தை அமைத்துக் கொடுத்தவர் இராஜேஸ்வரி.

மலர் அச்சுக்குப் போக இருந்த நேரத்தில் அவர் உறவினர் வீட்டுச் சடங்கொன்றுக்காகப் பளைக்குப் போயிருந்தார். நானும் விடுமுறையில் இருந்தேன். மலர் அச்சாகி ஊருக்குப் போய்விட்டது.

வெளியீட்டுக்கு எங்கள் இருவரையும் அழைத்திருந்தார்கள். மண்டபத்தில் புத்தகத்தைக் கொடுத்ததும் எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் பின்வரிசையில் சலசலப்பு. வாய்க்காலுக்கு அப்பால் வசிக்கும் காளியம்மா, இராஜேஸ்வரிக்கு அத்தை முறை, புத்தகத்தோடு எழுந்து வந்தார்.

"ராசி, கல்லு தூக்குனப்போ நம்மளக் கூப்பிட்டாங்க. நம்ம தெருவுல மூணு பேரு பேருதான் இருக்கு. மத்தவங்க எங்க போனாங்க?"

இராஜேஸ்வரி வாங்கிப் பார்த்தார். கடைசித் தெருவுக்கு ஒரே ஒரு வரி. அதன்பின் வெறும் வெள்ளை. கீழே கோபுரத்தின் படம். தான் அமைத்த பக்கம் அப்படி இருக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். தான் இல்லாத நாளில் கோயில் சபை பெயர்களை வெட்டச் சொல்லியிருக்கிறது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டார். நான் கையைப் பிடிப்பதற்குள் எழுந்து, மேடையில் இருந்த சபைச் செயலாளர் சிவஞானத்தைப் பார்த்துக் கேட்டார்.

"வாய்க்காலுக்கு அங்கால இருக்கிற சனத்தின்ர பேரை வெட்டிப்போட்டு, அந்தச் சனத்தையே முன்னால இருத்தி வைச்சிருக்கிறீங்களே, வெக்கமா இல்லையோ?"

சிவஞானம் வயல் செய்கிற வயதான கமக்காரர், அதிகம் பேசாதவர். "பிள்ளை, நான் ஒரு பேரும் வெட்டேல்லை" என்றார். குரல் நடுங்கியது. குற்றம் செய்தவனின் நடுக்கம் என்றுதான் பலரும் எடுத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். வாய்க்காலுக்கு அப்பாலிருந்து வந்த அத்தனை பேரும் அன்னதானத்தில் கை வைக்காமல் வீட்டுக்குப் போனார்கள். வாழையிலைகள் அடுக்கியபடியே கிடந்தன.

மறுநாள் இராஜேஸ்வரி அச்சகத்துக்கு வந்து, கைப்பையைக் கதிரையில் போட்ட கையோடு அந்தக் கோப்பைத் திறந்தார். சபையை மாட்டிவைக்க ஆதாரம் தேடியே திறந்தார். பெயர்கள் எல்லாம் உள்ளேதான் இருந்தன. ஒன்றும் வெட்டப்படவில்லை. மறைந்த குறிகளைக் காட்டும் விசையை அழுத்தினார். சாதாரண இடைவெளி இருந்தால் திரையில் ஒரு புள்ளி தெரியும். கட்டு இடைவெளிக்குச் சின்ன வட்டம். கடைசித் தெருவின் பெயர்கள் இருந்த பந்தி முழுவதும் வட்டம் வட்டமாக இருந்தது. முறிக்க ஓரிடமும் இல்லாததால், அத்தனை பெயரும் ஒரே வரியாக நீண்டு, பக்கத்தில் எழுத்துக்கென வகுத்த பெட்டிக்கு வெளியே ஓடி மறைந்திருந்தன.

அச்சக உரிமையாளரைக் கூப்பிட்டார். அவர் ஒளிக்கவில்லை.

"நான்தான் செய்தனான். சபையில இருந்து கடைசித் தெருவில ஒரு எழுத்துப்பிழை திருத்தச் சொன்னவை. திருத்தேக்க பாத்தா, ஒரு முதலெழுத்து வரிக் கடைசியில தனிச்சு நிண்டுது. நீங்கள் அப்பிடி விடமாட்டீங்கள்தானே? அதுதான் அந்தத் தெருவில எல்லா இடைவெளியையும் ஒரேயடியாக் கட்டி விட்டனான். கீழ இருந்த வெள்ளையை நீங்கள் விட்ட இடமெண்டு நினைச்சன்."

உரிமையாளர் போனபின் நான் மெதுவாகக் கேட்டேன். "வேணுமெண்டு செய்திருப்பாரோ?"

"நீங்களும் தொடங்காதேங்கோ, அண்ணை. மனுசரைச் சந்தேகப்பட முதல் இடைவெளியைச் சந்தேகப்பட்டிருக்கவேணும். என்ர தொழிலே அதுதான். நான் மாறிச் செய்துபோட்டன்."

அன்று பின்னேரமே மடிக்கணினியையும் என்னையும் கூட்டிக்கொண்டு சிவஞானத்தின் வீட்டுக்குப் போனார். முற்றத்தில் நின்றபடியே, "ஐயா, சபையில வைச்சு உங்களைப் பேசினது பிழை. சபையில வைச்சே அதைச் சொல்லவும் வாறன்" என்றார். சிவஞானம் கதிரையைக் காட்டினார். இருவரும் சரியாக முகம் பார்த்துப் பேசவில்லை. "உம்மட இடத்தில நிண்டிருந்தா நானும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு எங்களோடு புறப்பட்டார்.

வாய்க்காலுக்கு அப்பால் காளியம்மாவின் முற்றத்தில் ஆட்கள் கூடினார்கள். யாரும் எங்களை இருக்கச் சொல்லவில்லை. இராஜேஸ்வரி கணினியை ஒரு மேசையில் வைத்து, வட்டங்களைக் காட்டினார். பிறகு ஒவ்வொரு வட்டமாக அழித்துச் சாதாரண இடைவெளி போட்டார். வரி முறிந்தது. ஒரு பெயர் உள்ளே வந்தது. இன்னொன்று. பிள்ளைகள் முதலில் வாசிக்கத் தொடங்கினார்கள், பிறகு பெரியவர்கள். தன் கணவரின் பெயர் வந்ததும் காளியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கோயில் முடியுமுன்பே அந்த மனிதர் இறந்துபோயிருந்தார்.

முத்தையா என்ற பெரியவர் மட்டும் கையைக் கட்டியபடி நின்றார்.

"எல்லாஞ் சரி. மிசினுக்கு நம்ம தெருவ மட்டும் எப்புடித் தெரியும்?"

இராஜேஸ்வரி அவரைப் பார்த்தார்.

"அதுக்குத் தெரியாது, மாமா. திருத்தம் வந்தது கடைசித் தெருவில. அங்க ஆர் இருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். எங்களை ஏன் கடைசியில வைச்சவை எண்டு கேளுங்கோ. அது நியாயமான கேள்வி. அதை மிசினிட்டக் கேக்கேலாது. பக்கம் அமைச்ச எனக்கும் அண்டைக்கு அது உறைக்கேல்லை."

எல்லாருடைய கண்ணும் சிவஞானத்தின் மேல் திரும்பியது. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்பிடியே பழகிப்போச்சு" என்றார். திரையில் வந்திருந்த பெயர்களைப் பார்த்துவிட்டு, "இனி அகரவரிசையில போடுவம்" என்றார்.

அப்படியே புதிதாக அச்சடித்தோம். இராஜேஸ்வரி வீடு வீடாகப் போய், பழைய தாளை வெட்டி எடுத்துப் புதியதை ஒட்டிக்கொடுத்தார். அதன்பின் அவர் சந்தேகப்படுவதை விட்டுவிட்டார் என்று எழுதினால் அது பொய். ஆனால் ஒருவர் மேல் சந்தேகம் வந்தால், "கொஞ்சம் பொறுங்கோ, முதல் இதைப் பாப்பம்" என்று கணினிப் பக்கம் திரும்புவார். வாய்க்காலின் இரு பக்கத்தாரும் அதன்பின் ஒட்டி உறவாடினார்கள் என்றும் சொல்லமாட்டேன். ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டார்கள். அவ்வளவுதான்.

ஜெயபுரத்துச் சாவீட்டுக்கு முத்தையா வந்திருந்தார். வந்ததும் மகளைத் தனியே கூப்பிட்டு, "டாக்டர் என்னா சொன்னாரு? ஒழுங்காப் பாத்தாங்களா?" என்று துருவித் துருவிக் கேட்டார். சிவஞானம் மகனின் மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்து வந்து, யாரோடும் கதைக்காமல் பந்தலின் ஓரத்தில் நின்றார். பாடை தூக்கும்போது உயரம் பார்த்து ஆட்களை நிறுத்தினார்கள். இந்த இரண்டு பேரும் ஒரே உயரம். முன்பக்கத்தில் ஆளுக்கொரு தோள் கொடுத்தார்கள். சுடலைக்குப் போகும் ஒழுங்கை முழுக்கச் சேறு. ஒருவருக்குக் கால் வழுக்கியபோது மற்றவர் மறு கையால் அவருடைய முழங்கையைப் பிடித்தார். பிடித்த கையைச் சுடலை வரும்வரை எடுக்கவில்லை.

பிள்ளை, நான் பின்னாலேயே வந்தேன், கடைசிவரை கண்ணெடுக்காமல் பார்த்தேன். உங்களைப் பக்குவமாகத்தான் கொண்டுபோனார்கள். இதில் மட்டும் சந்தேகம் வேண்டாம்.