நக்போவைத் தேடிப் போன மதியம்

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். என் பெயர் முருப். இருபத்திரண்டு வருஷமாக ருப்ஷு என்ற குளிர்ப் பாலைவெளியில் மலையேற வருகிறவர்களின் மூட்டைகளைக் குதிரைகளில் ஏற்றி நடப்பவன்.

அன்று காலையிலிருந்தே எரிச்சல். வந்தவர்களை ஜீப்பில் அனுப்பிவிட்டு, நானும் என் மனைவியின் தம்பி சோஸ்பெலும் ஆறு குதிரைகளோடு திரும்பிக்கொண்டிருந்தோம். கெரசின் டப்பா ஒழுகியது. காற்று கண்ணில் மணலை அள்ளிப் போட்டது. மதியம் 2:40க்குத் திரும்பிப் பார்த்தால் நக்போவைக் காணோம். கூடாரத்தைச் சுமந்த குதிரை அதுதான். கூடாரம் இல்லாமல் அந்தக் குளிரில் படுத்தால், விடியும்போது விறைத்துக் கிடப்போம்.

“ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியாது. இதுல மீசை வேற!”

“உங்க குதிரை உங்களை மாதிரிதானே மச்சான் இருக்கும். சொன்ன பேச்சு கேக்காது.”

அவனை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் நக்போவின் கழுத்து மணி கேட்டது. ஏறினேன். குதிரை இல்லை. அடுத்த மேட்டுக்கு அப்பால் மணி. அங்கேயும் இல்லை. மூன்று மேடு. மூச்சு வாங்கியது. ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

3:50. அப்போதுதான் கவனித்தேன். மேயும் குதிரையின் மணி தாறுமாறாக அடிக்கும். இது... டிங்... டிங்... டிங்... யாரோ கையில் பிடித்து ஆட்டுவதுபோல.

மணலில் குளம்புத் தடமும் இல்லை.

4:15. நான்காவது மேடு. “நில்லு, சனியனே!” என்று கத்தினேன்.

நில்லு... சனியனே...

எதிரொலி. ஆனால் எதிரே வெறும் சமவெளி. ஒரு பாறைகூட இல்லை.

மறுபடி கத்த வாயைத் திறந்தேன்.

“எங்கே போய்த் தொலைஞ்சே?”

என் குரல்தான். ஆனால் அங்கிருந்து வந்தது.

நான் இன்னும் கத்தவே இல்லை...

ஓடினேன்.

5:35க்குத் திரும்பி வந்தேன். நக்போ கட்டிக் கிடந்தது. கூடாரம் நின்றது.

“யாரு கொண்டுவந்தா?”

“என்ன மச்சான் விளையாட்டு? நாலேகாலுக்கு நீங்கதானே கொண்டுவந்தீங்க! டீ ஊத்திக் கொடுத்தேன். இன்னும் ஒருத்தன் அங்கே நடந்துக்கிட்டு இருக்கான், கூட்டிட்டு வரேன்னு கிளம்பினீங்க.”

கோப்பையைக் காட்டினான். விளிம்புவரை டீ. கல்லாக உறைந்திருந்தது. பக்கத்துப் பாத்திரத்தில் தண்ணீர் உறையவில்லை.

அன்று இரவு இருவரும் தூங்கவில்லை.

மறுநாள் மாலை கோர்சோக் ஊரில், ஆடு மேய்க்கும் யாங்டோலிடம் சொன்னோம். அவள் கறப்பதை நிறுத்தினாள்.

“எங்க வீட்டுக்காரரும் அங்கேதான் குதிரை தேடிப் போனாரு. பதினொரு வருஷம் ஆச்சு.”

“திரும்பி வரலையா?”

“குதிரையோட ஒண்ணு வந்துச்சு, அவரு முகத்தோட. எம் பேரு அதுக்குத் தெரியல. மூணு நாள் வீட்டுல இருந்துச்சு. அப்புறம் போயிடுச்சு.”

நாங்கள் கிளம்பினோம். ஊர் எல்லை தாண்டியதும் சோஸ்பெல் நின்றான்.

“மச்சான்... எங்க அக்கா பேரு என்ன?”

சொன்னேன்.

தலையாட்டினான். ஆனாலும் வீடு சேரும்வரை அவன் எனக்கு முன்னால் நடக்கவே இல்லை.