வெட்கப்படாத சீட்டு

டாக்டர் சுசீலா போய்விட்டார் என்று அவர் தம்பி போனில் சொன்னபோது, நான் ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் ரிங்குகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கர்ப்பப்பை இறங்கிய பெண்களுக்கு உள்ளே தாங்கலாக வைக்கும் சிலிக்கான் வளையங்கள் அவை. மாரடைப்பாம். முந்தின நாள் சாயங்காலம் வரை நோயாளி பார்த்தவர். கழுவி முடித்த பிறகுதான் அழுதேன். பாதியில் விட்டிருந்தால் அவரே எழுந்து வந்து திட்டியிருப்பார்.

அவரிடம் திட்டு வாங்காத நர்ஸ் எங்களில் யாரும் இல்லை. இடுப்புத்தசைப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும்போது, "மூஞ்சிய இறுக்காத ஏட்டி, மூத்திரத்த அடக்குத மாதிரி கீழ இறுக்கு" என்பார். கூசிக்கொண்டு வந்த பெண்கள் சிரித்துவிடுவார்கள். "இருமினா ஒழுகுதான்னு நாமதான் கேக்கணும், அவளா சொல்லமாட்டா" என்பது எங்களுக்கு அவர் போட்ட சட்டம்.

அதன் அருமை தெரியாமல் நான் ஒரு தப்புச் செய்தேன். ஆலங்குளத்திலிருந்து வந்த பேச்சியம்மாளுக்கு டாக்டர் ரிங் வைத்தார். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுக்காரரு ஆஸ்பத்திரிச் சீட்ட வாசிச்சா மானமே போயிரும். வயித்து வலின்னு எழுதிருங்க சிஸ்டர்." இரக்கப்பட்டு எழுதிவிட்டேன். நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்து கழற்றிக் கழுவ வேண்டும் என்று வாயால் சொன்னதோடு சரி.

ஒன்றரை வருஷம் கழித்துக் காய்ச்சலோடு அவளைக் கொண்டுவந்தார்கள். டாக்டர் சுசீலா ஊரில் இல்லை, எனக்கும் அன்று விடுப்பு. பணியில் இருந்த வேறு டாக்டர் சீட்டைப் பார்த்தார்: வயிற்று வலி. புருஷன் பக்கத்தில் நிற்க, அவள் வாயே திறக்கவில்லை. டிரிப் ஏறியது, காய்ச்சல் இறங்கவில்லை. மறுநாள் வார்டுக்குள் நுழைந்த டாக்டர் சுசீலா அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றார். புருஷனை வெளியே அனுப்பிவிட்டு, "ரிங்க எப்பம்மா கழட்டுன?" என்றார். அவள் அழுதாள்.

ரிங் சதைக்குள் புதைந்து சீழ் பிடித்திருந்தது. மயக்கம் கொடுத்து, அதைத் துண்டு துண்டாக நறுக்கி உருவினார். ஒட்டினாற்போல மூத்திரப்பை. ஓர் இழுப்புத் தப்பினால் கிழிந்துவிடும். பிரஷர் இறங்குகிறது என்று மயக்க டாக்டர் இரண்டு தடவை சொன்னார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் சுசீலா நிமிரவே இல்லை. கடைசித் துண்டு தட்டில் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

பேச்சியம்மாள் பிழைத்தாள். நான் உண்மையைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "அவ வெட்கப்படட்டும் ஜெயா, சீட்டு வெட்கப்படக் கூடாது. வீட்டுக்குத் தெரிய வேண்டாம்னா நம்ம டிராயர்ல வச்சுப் பூட்டு. பொய் எழுதாத." அன்றிலிருந்து அந்த டிராயர் இருக்கிறது. ரிங் கழுவ வர வேண்டிய தவணை தப்பியவர்களுக்கு அவரே போன் செய்வார்.

போன மாதம் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "ஒனக்கு ஒண்ணும் இல்லையேட்டி?" என்று கேட்டார். "இல்ல டாக்டர்" என்றேன். இரண்டு வருஷமாக எனக்கும் கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது. அவரிடமே மறைத்தேனே என்ற வருத்தம் இனி ஆறாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருந்த அவர் வீட்டில் அவருக்கு மாலை போட்டுவிட்டு, மறுநாளே வேறொரு டாக்டரிடம் காட்டினேன். டாக்டர் சுசீலா விட்டுப்போனதில் எனக்கு மிஞ்சியது, 'சீட்டு வெட்கப்படக் கூடாது' என்ற அந்த ஒரு வாக்கியம்தான். சீட்டில் 'கர்ப்பப்பை இறக்கம்' என்று என் கையாலேயே எழுதினேன். டிராயரில் வைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், என் புருஷன் கையில் கொடுத்தேன்.